ஃபேனைச் சுற்றி ஒரு தாமரை: சீலிங் மெடாலியன் வாங்குவதும் பொருத்துவதும்

மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் ஹால் ஃபேனைச் சுற்றி 24 அங்குல பி.யு. (பாலியூரித்தேன் நுரை) மெடாலியன் ஒன்றையும், சாப்பாட்டு அறையில் தொங்கும் விளக்கைச் சுற்றி 18 அங்குல பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) மெடாலியன் ஒன்றையும் சென்ற சித்திரையில் பொருத்தினோம். அக்னி நட்சத்திர வெயிலையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் இரண்டும் பார்த்துவிட்டன என்பதால், இப்போது அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது. இரண்டும் நல்ல பொருட்கள்தாம். இன்னொரு முறை வாங்க நேர்ந்தாலும் இவற்றையே வாங்குவேன். ஆனால் எந்தப் பூ, எத்தனை இதழ் என்று கடையில் நாம் செலவிடும் கவனத்தில் பாதியாவது, சீலிங்கில் கொக்கி எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி என்ன பூச்சு இருக்கிறது, பொருத்த வருபவர் எப்படி வேலை செய்கிறார் என்பவற்றுக்குச் செல்ல வேண்டும். விலை உயர்ந்த மெடாலியனையும் மோசமான பொருத்துவேலை கெடுத்துவிடும். சாதாரணமான ஒன்றைக்கூட நல்ல வேலை எடுப்பாகக் காட்டிவிடும்.

விளக்கோ ஃபேனோ தொங்கும் இடத்தைச் சுற்றிச் சீலிங்கில் பதிக்கும் புடைப்பு வேலைப்பாடுள்ள வட்டத்தைத்தான் மெடாலியன் என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காஸ் விளக்கு எரிந்த வீடுகளில் இதற்கு ஒரு பயனும் இருந்தது. விளக்கின் சூடும் புகையும் மேலே வெளியேறுவதற்காகச் சிலவற்றில் இதழ்களுக்கு இடையே துளைகள் விட்டிருந்தார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. ஆனால் அண்ணாந்து பார்த்தால் பூ தெரிய வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதல்ல. மீனாட்சியம்மன் கோயில் மண்டபங்களில் விதானம் நெடுக வட்ட வட்டமாக எழுதப்பட்டிருக்கும் தாமரைகளையும், திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளிலும் உட்கூரையிலும் உள்ள சுதை வேலைப்பாட்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் வீட்டுக்கு ஒரு தாமரையைத் தேடுவது இயல்புதான்.

அந்தத் தாமரை எளிதில் கிடைக்கவில்லை என்பதே என் முதல் குறை. நகரில் இன்டீரியர் பொருட்கள் விற்கும் கடையில் காட்டிய பி.யு. மெடாலியன்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் கட்டடங்களில் காணப்படும் அகாந்தஸ் இலைச் சுருள்களும் மணிச் சரங்களும் கொண்டவை. பத்தடி உயரமும் வெள்ளைச் சுவரும் எளிமையான மர நாற்காலிகளும் உள்ள நம் ஹாலுக்கு அந்தச் சுருள்கள் கனமாகத் தெரிகின்றன. 16 இதழ்கள் இரண்டு அடுக்காக விரிந்த ஒரு தாமரை, கடையின் டிசைன் அட்டவணையில் கடைசிப் பக்கத்தில் இருந்தது; வரவழைத்துத் தந்தார்கள். பி.ஓ.பி. பட்டறையில் இந்தச் சிக்கல் இல்லை. அவர்களிடம் உள்ள ரப்பர் அச்சுகளில் தாமரையே பல அளவுகளில் இருந்தது. நாம் ஒரு படத்தைக் கொடுத்தால் களிமண்ணில் வடித்து அச்சு எடுத்துத் தரவும் தயாராக இருந்தார்கள். உள்ளூர்ப் பட்டறைக்கு நான் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்காகத்தான்.

இப்போது பொருளைப் பற்றி. பி.ஓ.பி. என்பது ஜிப்சத்தை ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அதில் உள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றிப் பெறும் மாவு. அதில் தண்ணீர் சேர்த்ததும் மீண்டும் ஜிப்சமாக இறுகுகிறது. இறுகும்போது மிகச் சிறிய அளவில் விரிவதால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து நிறைகிறது; இதழின் நரம்பு, விளிம்பின் கூர்மை எல்லாம் அப்படியே வருகின்றன. சாப்பாட்டு அறை மெடாலியனை அச்சிலிருந்து எடுத்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஈரம் காயாத நிலையில் அது சற்றுச் சாம்பல் நிறத்தில், தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இறுகும்போது வெப்பம் வெளிப்படுவதே அதற்குக் காரணம். பின்புறத்தில் நார் வைத்துப் பூசியிருந்தார்கள். நார் இல்லாத வார்ப்பு, தூக்கிச் செல்லும்போதே விண்டுவிடும் என்பதால், பட்டறையில் வாங்குபவர்கள் திருப்பிப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் மெடாலியன் அடர்த்தியான நுரைப்பொருளால் ஆனது. மேலே வெள்ளை பிரைமர் பூசியே வருகிறது. கையில் எடுத்தால் எடை தெரியாது. 24 அங்குல வட்டு ஒன்றிரண்டு கிலோவுக்குள்தான் இருக்கும். அதே அளவு பி.ஓ.பி. வட்டு ஐந்தாறு கிலோ வரை போகும். மரம் அறுக்கும் வாளாலேயே பி.யு.வை அறுக்கலாம், துளை போடலாம், உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் உற்றுப் பார்க்கும் கண்ணுக்கு அதன் இதழ் விளிம்புகள் பி.ஓ.பி.யின் அளவுக்குக் கூர்மையாக இல்லை என்பது தெரியும். தரையிலிருந்து பார்க்கும்போது அந்த வேறுபாடு தெரிவதில்லை. விலையில் மட்டும் பி.யு. ஏறக்குறைய மூன்று மடங்கு.

தெர்மாகோலில் செய்த மலிவான மெடாலியன்களும் இணையத்தில் விற்கின்றன. அவற்றை நான் வாங்கவில்லை, பரிந்துரைக்கவும் மாட்டேன். கரைப்பான் கலந்த பசை பட்டால் தெர்மாகோல் உருகிக் குழிவிழும். தின்னர் கலந்த பெயின்ட் பட்டாலும் அதே கதிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மின்இணைப்புக்கு அருகில் அது ஒட்டப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. இந்த வகையில் பி.யு.வும் எரியக்கூடியதே, அதன் புகை நச்சுத்தன்மை உள்ளது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஜிப்சமோ எரியாத பொருள். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டுண்ட நீர் என்பதால் தீயைத் தாக்குப்பிடிக்கிறது. நெருப்பு ஒன்றையே கருதினால் பி.ஓ.பி.தான் சிறந்தது.

அப்படியிருந்தும் ஃபேனுக்கு பி.யு.வைத் தேர்ந்தெடுத்ததற்கு எடைதான் காரணம். குடும்பமே உட்காரும் இடத்துக்கு நேர் மேலே ஐந்து கிலோ வார்ப்பு ஒன்று, சுழலும் இறக்கைகளுக்கு மேல் இருப்பதை நான் விரும்பவில்லை. விளக்குக்கு அதிர்வு இல்லை, எல்.இ.டி. பல்பு என்பதால் சூடும் குறைவு, அங்கே பி.ஓ.பி.யின் நுணுக்கத்தைப் பக்கத்தில் இருந்து ரசிக்கவும் முடிகிறது. ஃபேனுக்கு பி.யு., விளக்குக்கு பி.ஓ.பி. என்ற இந்தப் பங்கீட்டை மற்றவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன்.

அளவு விஷயத்தில் கடைக்காரர் 30 அங்குலத்தை வற்புறுத்தினார். எங்கள் ஹால் 16 அடிக்கு 12 அடி. ஃபேன் வழக்கமான 48 அங்குலம், அதாவது 1200 மி.மீ. இறக்கை வீச்சு கொண்டது. அதன் பாதியளவான 24 அங்குலம் இந்த அறைக்குப் போதுமானது. அதற்கு மேல் போனால், ஃபேன் ஓடாத நேரத்தில் மூன்று இறக்கைகளும் பூவை மறித்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் படும். தாளில் 24 அங்குலத்துக்கும் 30 அங்குலத்துக்கும் வட்டம் வெட்டி, நாடாவால் சீலிங்கில் ஒட்டிக் கீழிருந்து பார்த்த பிறகே முடிவு செய்தோம். செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம்.

அளவைவிடத் தொல்லை கொடுப்பது கொக்கியின் இடம். கான்கிரீட் போடுவதற்கு முன்பு கம்பிகளுக்கு நடுவே கொக்கி உள்ள ஃபேன் பாக்ஸை வைத்துக் கட்டுபவர்கள் கம்பி இடம் கொடுக்கும் இடத்தில்தான் கட்டுவார்கள். அதனால் அறையின் சரியான நடுவிலிருந்து ஓரிரு அங்குலம் விலகுவது சாதாரணம். வெறும் ஃபேன் தொங்கும்வரை அந்த விலகல் யாருக்கும் தெரியாது. மெடாலியன் ஏறியதும், அதுவும் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் கார்னிஸ் என்ற அலங்காரப் பட்டை இருந்தால், பளிச்சென்று தெரிந்துவிடும். எங்கள் ஹாலில் மூலைக்கு மூலை நூல் கட்டிப் பார்த்தபோது கொக்கி கிழக்குச் சுவர்ப் பக்கம் தள்ளியிருந்தது. மெடாலியன் கொக்கியை நடுவாக வைத்துத்தான் நின்றாக வேண்டும். அதை நகர்த்த வழியில்லை. எனவே வெளி விளிம்பில் சதுரமோ எண்கோணமோ உள்ள டிசைன்களை ஒதுக்கிவிட்டு, இதழ் நுனிகளே விளிம்பாக முடியும் வட்டத் தாமரையை எடுத்தோம். இதழ் ஒன்றின் நுனி நீளச் சுவருக்கு நேராக வரும்படி திருப்பி வைத்ததும் விலகல் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

பொருத்தும் வேலைக்குப் பட்டறையில் இருந்து இரண்டு பேரும், எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனும் வந்தார்கள். இந்த இரு தரப்பும் ஒரே நேரத்தில் இருப்பது அவசியம். ஃபேனை இறக்குவதற்கு முன் எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்ததோடு நிற்காமல் இன்வெர்ட்டரையும் நிறுத்தினார். நம் ஊர் வீடுகளில் ஃபேனும் விளக்கும் பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கின்றன. மெயினை மட்டும் அணைத்தால் அடுத்த நொடியே இன்வெர்ட்டர் அந்த லைனுக்கு மின்சாரம் கொடுத்துவிடும். அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டே வயரில் கை வைத்தார். ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி ஏணியில் ஏறுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வயரிங்கில் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை ஸ்விட்ச் வழியாகக் கொண்டுபோயிருந்தால், ஸ்விட்ச் அணைந்த பிறகும் கூரையில் உள்ள வயரில் மின்சாரம் இருக்கும்.

அடுத்து நடந்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. மெடாலியனைக் கொக்கிக்கு நடுவாகப் பிடித்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் இருந்த பழைய டிஸ்டம்பரையும் அதற்கடியில் இருந்த சுண்ணாம்பையும் பட்டித் தகட்டால் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டினார்கள். ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டார்கள். இதைச் செய்யாமல் ஒட்டினால் பசை டிஸ்டம்பரைத்தான் பற்றிக்கொள்ளும்; ஒருநாள் டிஸ்டம்பர் உரியும்போது மெடாலியனும் அதோடு சேர்ந்து கீழே வரும். முதலில் நாங்கள் விலை கேட்ட வேறொரு பொருத்துநர் சுரண்டவே தேவையில்லை, பசை போதும் என்று அடித்துச் சொன்னார். அவரை நாங்கள் அழைக்காததற்கு அதுவே காரணம்.

பசை மட்டும் போதாது என்பதில் பட்டறைக்காரர் உறுதியாக இருந்தார். எனக்கும் அதே கருத்து. பி.யு. வட்டுக்கு நான்கு இடத்திலும், பி.ஓ.பி. வட்டுக்கு ஆறு இடத்திலும் ப்ளக் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். துளை போடும் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸுக்குள் டார்ச் அடித்து, எந்தெந்தப் பக்கத்திலிருந்து பைப் வந்து நுழைகிறது என்று பார்த்தார். எங்கள் வீட்டில் இரண்டு பைப்கள். ஒன்று ஸ்விட்ச் போர்டு இருக்கும் சுவரை நோக்கியும், மற்றொன்று அடுத்த அறையை நோக்கியும் போகின்றன. அந்த இரு திசைகளிலும் சீலிங்கில் பென்சிலால் கோடு இழுத்து, அவற்றின் மேல் ஒரு ஸ்க்ரூகூட வராதபடி வட்டைச் சற்றுத் திருப்பிக் குறித்தார்கள். ட்ரில் பிட்டில் ஒன்றரை அங்குலத்தில் டேப் சுற்றி, அதற்கு மேல் துளை ஆழமாகாமல் பார்த்துக்கொண்டார்கள். கான்கிரீட்டுக்குள் ஓடும் வயர் பைப்பில் ட்ரில் இறங்கிவிட்டால் தளத்தைக் கொத்தாமல் சரிசெய்வது மிகக் கடினம். நல்ல வேலைக்காரரை அடையாளம் காண, துளை போடுவதற்கு முன் பாக்ஸுக்குள் பார்க்கிறாரா என்று கவனித்தால் போதும்.

பி.ஓ.பி. வட்டுக்குச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ ஆகாது. ஜிப்சத்தின் ஈரத்தில் அது துருப்பிடித்து, வெள்ளைப் பூவின் மேல் பழுப்புப் புள்ளியாக வெளியே தெரியும். பித்தளை ஸ்க்ரூவை இதழ் மடிப்புக்குள் வரும்படி முடுக்கித் தலையைப் பி.ஓ.பி. வைத்து மூடினார்கள், இப்போது எங்கே ஸ்க்ரூ இருக்கிறது என்று என்னாலேயே காட்ட முடியாது.

பி.யு. வட்டில் ஒரு சிறு சிக்கல் வந்தது. தொழிற்சாலையில் விட்டிருந்த நடுத்துளை சிறியது. ஃபேன் ராடின் மேல்முனையில் உள்ள ஷேக்கிளைக் கொக்கியில் மாட்டி, ரப்பர் ரீல் வைத்து, போல்ட் நுழைத்து, நட் முடுக்கி, ஸ்ப்ளிட் பின்னை விரித்துவிட வேண்டும். இத்தனையும் அந்தத் துளை வழியாகத்தான் நடக்க வேண்டும். விரல்கள் போகவில்லை என்றால் பின்னை ஒழுங்காக விரிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. கொக்கியை மறைக்கும் எங்கள் ஃபேனின் மேல் கப் 5 அங்குல வாய் உள்ளது என்பதால் துளையை 4 அங்குலமாக அறுத்துப் பெரிதாக்கினார்கள். கப் அதை முழுவதும் மறைத்துவிட்டது. வாங்குவதற்கு முன்பே உங்கள் ஃபேனின் கப்பை அளந்துகொண்டு போவது நல்லது. பி.ஓ.பி.யில் பிறகு அறுத்தால் வெடிப்பு விழும். வார்க்கும்போதே துளையின் அளவைச் சொல்லிவிட வேண்டும்.

ஃபேனின் முழு எடையையும் கான்கிரீட்டில் உள்ள கொக்கியே தாங்குகிறது; மெடாலியன் எதையும் தாங்குவதில்லை, தாங்கவும் கூடாது. மெடாலியன் வந்ததால் ஃபேனின் உயரமும் மாறுவதில்லை. கப் மட்டும் வட்டின் தடிமன் அளவுக்கு ராடில் கீழே இறங்குகிறது. “கப்பு பூவைத் தொடக் கூடாது சார், ஒரு நூல் இடைவெளி விட்டாத்தான் சத்தம் வராது” என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். கப் மெடாலியனில் உரசிக்கொண்டிருந்தால் ஃபேனின் அதிர்வு முழுவதும் வட்டுக்குப் போய், முதலில் சத்தமும் பிறகு ஓரத்தில் விரிசலும் வரும். இறக்கைக்கும் மெடாலியனின் முகத்துக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உயரத்தை மிச்சப்படுத்தக் குட்டை ராடு போட்டிருப்பவர்கள் தடிமனான மெடாலியனை வாங்கினால் காற்றும் குறையும்.

ஓரத்து இடுக்கை அடைப்பதற்குக் கடையில் சிலிக்கான் ட்யூப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். சிலிக்கான் மேல் பெயின்ட் பிடிக்காது. சுற்றிலும் பளபளப்பான வளையமாகத் தனித்துத் தெரியும். பட்டறைக்காரர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு அக்ரிலிக் சீலன்ட் வாங்கிவரச் சொன்னார்கள். அதை இட்டு ஈர விரலால் வழித்துவிட்டதும் வட்டு சீலிங்கிலிருந்தே முளைத்ததுபோல் ஆனது. இந்த இடுக்கை முழுவதும் அடைப்பது அழகுக்காக மட்டும் அல்ல. சின்ன இடைவெளி இருந்தாலும் பல்லிக்கு அது நல்ல குடியிருப்பு; ஃபேனுக்கு மேல் பல்லி குடியேறினால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை மாதங்களில் கண்டவை இவை. பி.யு. வட்டில் விரிசலோ தொய்வோ இல்லை. தொழிற்சாலை பிரைமரோடு அப்படியே விட்டால் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும் என்பதால், சீலிங்குக்கு அடித்த வெள்ளை எமல்ஷனையே இரண்டு கோட்டிங் அடித்தோம், நிறம் மாறவில்லை. பி.ஓ.பி. வட்டு முழுவதும் உலர்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னபடி பொறுத்திருந்தோம். அதனால் பூச்சு எங்கும் உப்பவில்லை. மழைக்காலத்தில் அதன் ஓரத்தை அடிக்கடி பார்த்து வந்தேன். மொட்டை மாடித் தளத்தில் ஒழுகல் இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். சாப்பாட்டு அறைக்கு மேல் ஒழுகல் இல்லாததால் கறை எதுவும் இல்லை. ஓதம் ஏறும் சீலிங்கில் பி.ஓ.பி. வைக்கவே கூடாது, தொடர்ந்து நனைந்தால் ஜிப்சம் இளகிப் பொடிந்துவிடும். ஒட்டடை மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகம். இதழ் மடிப்புகளில் நூலாம்படை சேர்கிறது. முரட்டு ஒட்டடைக் குச்சியால் இழுத்தால் பூச்சில் கீறல் விழும் என்பதால், அகலமான பெயின்ட் பிரஷ்ஷைக் கோலில் கட்டித் தட்டுகிறோம். ஆழமான வேலைப்பாடு வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேவை பற்றிச் சொல்வதானால், இன்டீரியர் கடைக்கு நடுத்தர மதிப்பெண்தான் தர முடியும். முதலில் வந்த வட்டில் ஓர் இதழ் நசுங்கியிருந்தது. அட்டைப் பெட்டிக்குள் ஓரங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் வைக்கவில்லை. மாற்றித் தந்தார்கள் என்றாலும், அதற்குப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது. விற்பவருக்கே பொருத்தும் முறை தெரியவில்லை என்பது சிலிக்கான் விஷயத்தில் வெளிப்பட்டது. பட்டறையின் வேலையில் எனக்கு முழு நிறைவு. சொன்ன கூலிக்கு மேல் கேட்கவில்லை. கீழே இருந்த சோபா, டி.வி. எல்லாவற்றையும் அவர்களே தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சுரண்டிய தூசியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். தாமதம் மட்டும் ஒரு குறை: முகூர்த்த நாட்களையொட்டி வேலை குவிந்ததால் சொன்ன வாரத்தில் வரவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு முன் முடிக்க நினைப்பவர்கள் போதிய அவகாசத்தோடு சொல்லிவைக்க வேண்டும்.

படுக்கையறை ஃபேனுக்கும் 20 அங்குலத்தில் ஒன்று வைக்க அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். அந்த அறைச் சீலிங்கின் ஒரு மூலையில் இந்த மழைக்கு லேசான ஈரத்தடம் தெரிந்தது. முதலில் மாடித் தளத்தின் ஓட்டு இடுக்குகளை அடைத்துவிட்டு, தையில் வெயில் ஏறித் தளம் நன்றாகக் காய்ந்த பிறகு மாசியில் வந்து பொருத்துவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். முன்பணம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.